சுண்ணாம்புக் கை

மகளின் நெற்றியில் சிலுவை போடுவதை இருதயநாதன் விட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளைக்குப் பெருவிரலால் நெட்டாக ஒரு கோடு, குறுக்காக ஒரு கோடு போட்டு அனுப்புவது அவர்கள் வீட்டு வழக்கம். இப்போது அதை மனைவி சகாயசெல்விதான் செய்கிறாள். மகள் ஐரின் அப்பன் பக்கமும் ஒருமுறை நெற்றியைக் காட்டும். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

எல்லாம் அந்தப் பெருவிரலால் வந்தது. பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் பதனிடும் ஷாப்பில் அவனுக்குச் சுண்ணாம்புக் குழி வேலை. முடி கழல அதில் ஊறிக் கிடக்கும் ஆட்டுத்தோலைத் தூக்கி, பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பான். முடி வழுக்கிக்கொண்டு வந்தால் பக்குவம். ஒருநாள் மகள் தலையைத் தடவும்போது, பழக்க தோஷம், விரல் தன்பாட்டுக்குத் தள்ளிவிட்டது. முடி பொடிப்பொடியாகக் கையோடு வந்தது. ஐரினுக்குப் பிறந்தபோது இருந்த முடி கொட்டின பிறகு தலையில் விரற்கடைக்கு மேல் முடி நின்றதே இல்லைதான். ஆனாலும் அன்றைக்கு, இது தன் கை செய்த வேலை என்று அவனுக்குப் பட்டுவிட்டது.

கூட வேலை பார்க்கும் நியாஸ் டீ குடிக்கையில் பிள்ளையின் தலையைப் பற்றி விளையாட்டாகச் சொன்னது வேறு.

"ஏலே இருதயம், ஊரு ஆட்டு முடியெல்லாம் வழிச்சியே, அதுக அம்புட்டும் ஒன் வீட்டுக்கு வழி கேட்டு வந்துருச்சுக போல."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிப்பு அங்கேயே போனது. சொல் மட்டும் வீடுவரை கூட வந்தது.

ஐரினுக்கு ஆறு வயசு முடிந்ததும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். தோல் டாக்டரம்மா பிள்ளையின் பிடரியைத் தடவிப் பார்த்து, முடியை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும் என்றார். சகாயசெல்வி தலையணையில் உதிர்ந்ததையெல்லாம் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அது வேண்டாம், பிடுங்கவும் கூடாது என்று லேப்பிலிருந்த பானுப்ரியா சின்னக் கத்திரியால் தோலை ஒட்டி நாலைந்து முடி நறுக்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று காலையில் தலை வழிய எண்ணெய் தேய்த்திருந்தார்கள். அதைப் போக்கிக் காயவைத்துத்தான் பார்க்க முடியும், செத்த நேரம் உட்காருங்கள் என்றாள்.

வராந்தா பெஞ்சில் வெயில் படுத்திருந்தது. இருதயநாதனுக்குக் கண் அசந்தது. சுண்ணாம்புக் குழி குளமாய் விரிந்து, கன்னிவாடி மலையடிவரை வெள்ளையாய்க் கிடந்தது. நாற்றமே இல்லை. கரையெங்கும் ஆடுகள், உடம்பு நிறைய ரோமத்தோடு, அவனைப் பார்த்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒன்றுக்கும் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. தண்ணீருக்கடியிலிருந்து ஐரினின் முடி இழை இழையாய் எழும்பி மிதந்தது. அள்ளப் போனான். கையைக் காணோம்.

பானுப்ரியா தோளைத் தட்டினாள். டாக்டரம்மா அவனையும் பார்க்கச் சொன்னாராம்.

உள்ளே போய் மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்தான். முதலில் தன் இமைதான் தெரிந்தது. பிறகு வெளிச்சத்தின் நடுவே ஒரு முடி. மணி, இடுக்கு, மணி, இடுக்கு என்று யாரோ பொறுமையாகக் கோத்த மாதிரி. ஓர் இடுக்கில் நூலாய் மெலிந்து முறிந்திருந்தது. டாக்டரம்மா எதையோ திருப்பினார். சுற்றிலும் இருட்டிப்போனது, மணிகள் மட்டும் மஞ்சளாய், நீலமாய் நின்று எரிந்தன. பிள்ளையின் தலையில் இத்தனை நாளும் தேர்த்திருவிழா நடந்திருக்கிறது, யாருக்கும் தெரியாமல்.

முளைக்கும்போதே இப்படித்தான் முளைக்கிறது, மெலிந்த இடத்தில் ஒடிகிறது, அபூர்வம் என்றார் டாக்டரம்மா. பெற்றவர்கள் முடியையும் பார்த்தார்கள். சகாயசெல்வியுடையது ஒரே சீராக ஓடியது. அவனைத் திரும்பச் சொல்லிப் பிடரியைப் பார்த்தார். அங்கே முடி கட்டையாய், தோல் சொரசொரப்பாய் இருந்தது.

"ஈரத்தோலு சொமக்குற கழுத்து டாக்டரம்மா. சுண்ணாம்புத் தண்ணி தின்னுருச்சு."

அங்கேயும் நறுக்கினாள் பானுப்ரியா. வைத்துப் பார்த்தால், அதே மணிகள். கொஞ்சந்தான்.

"சுண்ணாம்பு முடியக் கரைக்கும். மணி கோக்காது," என்றார் டாக்டரம்மா. "இது உங்க ரத்தத்துல வந்தது. உங்களுக்குப் பிடரியோட நின்னுருச்சு."

"அப்ப எங் கையால இல்லயா?"

"கையால இல்லை."

இதைக் குணமாக்க மருந்து கிடையாது. இறுக்கிக் கட்டாமல், அழுத்தித் தேய்க்காமல் பார்த்துக்கொண்டால் போதும். சிலருக்கு வயசாக ஆக முடி நிற்கும் என்றார். சகாயசெல்வி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கா இம்புட்டு நாளும் கையக் கட்டிக்கிட்டு நின்னீங்க?"

ஐரின் ஸ்டூலில் ஏறி இரண்டு முடியையும் மாறி மாறிப் பார்த்தது. எது யாருடையது என்று கேட்டுக்கொண்டது.

"எனக்குத்தான் மணி நெறய," என்று அப்பனிடம் சொன்னது.

இறங்கினதும், பள்ளிக்கூட நேரம் இல்லை என்பதை மறந்து, வழக்கம்போல நெற்றியைக் காட்டியது. இருதயநாதன் கையை முன்னால் கொண்டுவந்தான். பெருவிரல் வெடித்து, வெடிப்பெல்லாம் வெள்ளையாய் இருந்தது. முடி தொடங்கும் இடத்திலிருந்து மெதுவாகக் கீழே ஒரு கோடு இழுத்தான்.

"சொரசொரங்குதுப்பா," என்றது ஐரின். நெற்றியை எடுக்கவில்லை.