கோடியும் மோட்டாரும்

சுகுமாறன் மாமா வேனின் பின்கதவைத் திறந்து இரண்டு பொருள்களை இறக்கினார். ஒன்று, நேற்று இறந்துபோன தன் அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடியாகப் போர்த்த வேண்டிய சிவப்புச் சேலை. இன்னொன்று, அட்டைப்பெட்டியில் ஒரு மோட்டார். சேலையைத் தாம்பாளத்தோடு மனைவியிடம் கொடுத்தார். மோட்டாரைத் தானே தூக்கி வந்து, பந்தலில் அப்பாவின் நாற்காலியை ஒட்டி வைத்தார்.

"மச்சான், இத சும்மாவே மாட்டித் தரேன். அக்காவுக்காக."

அப்பா சபாபதி தலையை ஆட்டினார். நேற்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் ஆட்டுகிறார்.

அம்மாவின் உடலுக்குத் தலைமாட்டில் இருந்த மகள் தேன்மொழி எழுந்து வந்தாள். பெட்டியைத் திருப்பி, ஒட்டியிருந்ததைப் படித்தாள். கடைக் கதவுகளில் இருக்கும் அதே ரகம். வீட்டுக் கார் கொட்டகைக் கதவுக்குச் செய்தது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை ஏறி இறங்கினால் அதன் வேலை முடிந்தது.

பெர்மாஸ் ஜெயாவில் அவர்கள் நடத்தும் கார் கழுவும் கடையில், கார் நுழைய ஒரு கதவு, வெளியேற ஒரு கதவு. இரண்டும் மேலே சுருண்டு ஏறுபவை. இயந்திரம் ஓடும்போது இரண்டையும் இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் நுரை பறந்து பக்கத்துக் கோப்பிக்கடை மேசைகளில் விழும். ஆகவே கார் வரவரக் கதவுகள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். நாள் முழுக்க ஓடும் மோட்டார் வேண்டும், ஈரம் புகாத மூடி வேண்டும், கதவுக்கடியில் ஆள் நின்றால் தானே நிறுத்தும் சென்சார் வேண்டும் என்று கடை திறக்கும் முன்பே தேன்மொழி சொன்னாள். பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் அப்படிப்பட்ட கதவுகளைப் பராமரிப்பதுதான் அவள் வேலை. குடும்பத்தின் முதல் பட்டதாரி. பட்டமளிப்பு விழாப் படத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள். பேச்சை மட்டும் கேட்கமாட்டார்கள்.

மாமா, ரெங்கம் முதல் பண்டார் தெங்காரா வரை சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் மோட்டாரில் திறக்கும் ஆட்டோகேட் போட்டவர். தம்பி இருக்கும்போது வெளியாளிடம் வாங்கினால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டது அம்மாதான்.

சூடேறினால் மாமா மாட்டிய அந்த மோட்டார் நின்றுவிடும். ஆறும்வரை சங்கிலியைக் கையால் இழுத்துத்தான் கதவை ஏற்ற வேண்டும். கூட்டமான நாள்களில் அம்மா இழுத்துக்கொண்டே இருப்பாள். நேற்றும் வெளியேறும் கதவு நின்றது. உள்ளே மாட்டிக்கொண்ட ஆள் ஹார்ன் அடித்தான். அம்மா இழுத்து ஏற்றினாள். கார் போனதும் கவிழ்த்துவைத்த வாளியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர்.

"மாமா, இத திரும்ப வேன்ல ஏத்துங்க."

அத்தை தாம்பாளத்தோடு திரும்பினாள். "எடுக்கிறதுக்கு முன்னாடி பேசுற பேச்சாடி இது?"

"எடுக்கிறதுக்கு முன்னாடி மோட்டார் கொண்டாந்தது யாரு அத்த?"

"தேனு, இது புது மாடல்லா," என்றார் மாமா.

"பெட்டிதான் புதுசு மாமா. இதுவும் வீட்டு மோட்டாரு. நாலஞ்சு கார் போனா சூடாயி நின்னுரும்."

"அப்ப எங்க அக்காவ நான்தான் கொன்னேன்னு சொல்றியா?"

உறுமிக்காரர் கையை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்.

அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. மாத்திரையைப் பாதி நாள் போடமாட்டாள். தேன்மொழிக்கு அதுவும் தெரியும்.

"அப்படிச் சொல்லல. சங்கிலிய அம்மா இழுத்தாங்க. இத மாட்டினா நாளைக்கு அப்பா இழுப்பாரு. விடமாட்டேன்."

பெரியப்பா கமலநாதன் தொண்டையைச் செருமினார். "தாய்மாமன் கொண்டாந்தத திருப்பி அனுப்புறியே, ஒன் கல்யாணத்துல யாரு வந்து நிப்பா?"

"மால எடுத்துக் குடுக்க மாமா வரட்டும் பெரிப்பா. கதவு மாட்ட வேணாம்."

பின்வரிசையில் யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள்.

மாமாவின் முகம் கறுத்தது. "அப்ப கோடியையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பறேன்."

பிறந்த வீட்டுத் துணி விழாமல் ஒருத்தியை அனுப்புவதை அந்தப் பந்தலில் யாரும் பார்த்ததில்லை. அப்பா முதல்முறையாக நிமிர்ந்து மகளைப் பார்த்தார். விட்டுவிடு என்கிறாரா, விடாதே என்கிறாரா என்று அவளுக்குப் புரியவில்லை.

தேன்மொழி அத்தையின் கையிலிருந்து தாம்பாளத்தை வாங்கி மாமாவின் முன்னால் நீட்டினாள்.

"இது அம்மாவுக்கு வந்தது. நீங்கதான் போத்தணும். அது வேற, இது வேற."

நீட்டிய கையை அவள் இறக்கவில்லை. தாம்பாளம் கனத்தது. கடைசியில் மாமா சேலையை எடுத்தார். அம்மாவின் தோள்வரை விரித்து, மடிப்பை நீவிவிட்டார். நீவிக்கொண்டே இருந்தார். அத்தைதான் அவர் கையைப் பிடித்து விலக்கினாள்.

பிறகு அவர் பெட்டியிடம் வந்து குனிந்தார். தேன்மொழி மறுபக்கத்தைப் பிடித்தாள். இருவரும் வேன்வரை தூக்கிப் போனார்கள்.

"எவன்கிட்ட வாங்கப் போற?"

"தாம்போய்ல ஒரு சீனன். தொழிற்சாலைக்கெல்லாம் போடுறவரு."

மாமா வேன் கதவைச் சாத்தினார். "அவன் சரியாத்தான் செய்வான்," என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்குள் போனார்.

தேன்மொழி அங்கேயே நின்றாள். வீட்டு மோட்டார் தாங்காதென்று அவருக்கு முன்பே தெரியுமா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அம்மாவைத் தூக்கச் சொல்லி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்கள்.

ஆண்கள் மின்சுடலைக்குப் போனபின் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். தேன்மொழி வாசலில் நின்று தாம்போய்க் கடைக்குப் போன் செய்தாள். கடைக்காரர் மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்டார். கதவின் அகலம், எடை, தண்ணீர் எந்தப் பக்கமிருந்து அடிக்கும், சென்சாரில் நுரை படுமா. அவள் தடுமாறாமல் சொன்னாள். மின்சாரம் போனாலும் கதவு ஏற பேட்டரி வேண்டும் என்றாள்.

"பேட்டரியும் தீர்ந்துட்டா இழுக்க ஒரு சங்கிலி வெச்சுத்தான் ஆகணும்," என்றார் அவர். "எந்த உயரத்துக்கு வைக்கட்டும்? இழுக்கறவங்க எவ்ளோ உயரம்?"

தேன்மொழி ஒரு கையைத் தலைக்கு மேல் நீட்டிப் பார்த்தாள். லைன் போய்விட்டதென்று நினைத்து அவர் இரண்டு முறை ஹலோ என்றார்.

"என் உயரத்துக்கு வைங்க," என்று சொல்லித் தன் உயரத்தைச் சொன்னாள்.

அத்தை துடைப்பத்தால் தள்ளிய தண்ணீர் வாசற்படி தாண்டி இறங்கி, அவள் காலைச் சுற்றிக்கொண்டு நின்றது. அது சாக்கடைக்குப் போக, தேன்மொழி ஒரு காலைத் தூக்கி வழிவிட்டாள்.