தொட்டிலுக்கு ஒரு பூ வளையம்

புடவையின் முந்தானையில் குருநாதன் கத்திரியை வைத்தபோது, அக்கா செங்கமலம் படையல் பாத்திரங்களோடு கிணற்றடிக்குப் போயிருந்தாள். உள்ளறையில் தொட்டில் ஆடாமல் தொங்கியது. குழந்தை தூங்குகிறது. அது விழிப்பதற்குள் முடித்துவிட வேண்டும்.

தொட்டிலுக்கு மேல் கட்ட வளையம் தயாராக இருந்தது. வேலியிலிருந்து ஊணாங்கொடியை அறுத்து வந்து, தண்ணீரில் ஊறவைத்து, மூன்று சுற்றாகப் பின்னியிருந்தான். காய்ந்த பிறகும் அங்கங்கே பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. பூ வைத்தால் மறையும்.

பூ கட்ட அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவன் மனைவி சிந்தாமணி கிழிசல் துணியில் செய்வாள். நீளத் துண்டின் ஒரு விளிம்பில் நூலோட்டி, நூல் முனையை அவன் கையில் கொடுப்பாள். "புடிங்க. இழுத்துடாதீங்க." பேப்பர் படித்தபடியே பிடித்துக்கொண்டிருப்பான். அவள் துணியைத் தள்ளத் தள்ள அது சுருங்கிச் சுழன்று பூவாகும். பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தான். கைக்குத் தெரிந்திருந்தது.

அவள் போய் இன்றோடு ஒரு வருஷம். குழந்தை பிறந்த நாலாம் நாள் காய்ச்சல், ஆறாம் நாள் எல்லாம் முடிந்தது. குழந்தையை அக்கா பாடாலூருக்குத் தூக்கிப் போனாள். இந்த ஒரு வருஷத்தில் அவன் அதைப் பார்த்தது நாலு தடவை. நாலு தடவையும் அவன் முகத்தைப் பார்த்ததும் அழுதது. நேற்று வந்திறங்கியபோதும்.

"ஒன்னக் கண்டாலே அழுவுது. பச்சப்புள்ளய குத்தம் சொல்ல முடியுமா?" என்றாள் அக்கா. "படையல் முடிஞ்சதும் மூணு மணி பஸ்ஸுல கெளம்புறோம். இனிமே எங்க வூட்லயே வளரட்டும். சரின்னு ஒரு வார்த்த சொல்லிடு தம்பி."

பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதோடு அவனுடைய பேச்சு முடிந்துவிடும். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வாள். அது தெரிந்தும் மறுக்க வாய் வரவில்லை. அதற்குப் பதில் விடியற்காலையில் சிந்தாமணியின் பெட்டியைத் திறந்தான்.

நாலு புடவைகள். முதல் மூன்றிலும் அவள் இடுப்பின் மடிப்பு அப்படியே இருந்தது. ஒன்றை எடுத்தான், பிரித்தான், திரும்ப வைத்தான். நாலாவது, கட்டாத சிவப்புப் புடவை. ஓரத்தில் வைத்த மஞ்சள்கூடக் கலையவில்லை. அதை வெட்டலாம்.

ஏழாவது பூவைத் தைத்துக்கொண்டிருந்தபோது அக்கா வாசற்படியில் நின்றாள். இடுப்பில் குடம்.

"எந்தப் பொடவைடா அது?"

"பெட்டியில இருந்துச்சு."

"மஞ்ச வெச்சதா?"

தலையாட்டினான். அக்கா குடத்தை இறக்கினாள். பாதித் தண்ணீர் தளும்பிக் கீழே போயிற்று.

"அடப்பாவி! பூவாடைக்காரிக்குன்னு போன வருஷமே எடுத்து வெச்சேன்டா! சுமங்கலியாப் போனவளுக்குப் புதுப் பொடவ வெச்சுப் படைக்கணும்னு தெரியாதா? இந்த யுத்த காலத்துல ரேஷன் கார்டக் காட்டுனாலும் துணி கெடைக்குதா? பி.ஏ. படிச்ச ஒனக்கு நாலு பொடவையில இதுதான் கண்ணுல பட்டுச்சா?"

"மத்த மூணும் அவ கட்டுனதுக்கா. வெட்ட முடியல."

ஒரு வருஷத்தில் அவன் அக்காவிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

குழந்தை விழித்துச் சிணுங்கியது. அவன் வளையத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். குனிந்த முகத்தைக் கண்டதும் அதன் உதடு பிதுங்கியது. அழுகை பாதியில் நின்றது. ஒரு கை எழுந்து சிவப்பைப் பற்றிக்கொண்டது. பூ நேரே வாய்க்குள் போயிற்று.

"வாடி தங்கம்" என்று அக்கா கை நீட்டினாள். குழந்தை திரும்பவில்லை. அது தன்னிடம் வரவில்லை, பூவிடம் வந்திருக்கிறது என்று குருநாதனுக்குத் தெரிந்தது. இருக்கட்டும் என்று நினைத்தான். கை வலித்தும் வளையத்தை அசைக்காமல் பிடித்திருந்தான்.

மீதிப் புடவையை, வெட்டிய பக்கம் உள்ளே போகும்படி அக்கா மடித்தாள்.

"முந்தானையில்லாத பொடவையக் கட்டிக்கிட்டு படையலுக்கு எப்புடி வருவாளாம்?" மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு கொசுவத்தக் கொறச்சுக் கட்டிக்கிட்டு வந்துருவா. சாமர்த்தியக்காரிதான்."

படையலுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டான். கண் வறண்டுதான் இருந்தது. சாப்பிட்ட இலையை எடுத்தபடி அக்கா கேட்டாள்.

"மணி ஒண்ணாவுது. என்ன சொல்ற?"

வளையத்தின் ஒரு பக்கம் இன்னும் வெறும் கொடியாகவே இருந்தது.

"இன்னும் நாலு பூ வெக்கணும்" என்றான்.

அக்கா கொல்லைப்பக்கம் போனாள். துணி துவைக்கும் சத்தம் கேட்டது. அவன் ஊசியில் நூல் கோத்து நிமிர்ந்தபோது, கொல்லைக் கொடியில் உள்ளங்கை அகலத்தில் குழந்தையின் மூன்று சட்டைகள் தொங்கின. பிழியக்கூட இல்லை; மூன்று மணி பஸ்ஸுக்குள் காயாது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.