பாதி மாத்திரை

ஆஸ்பத்திரி அறைக்குள்ளிருந்து தாதி வெளியே வந்து பெற்றீசியாவின் பெயரைக் கூப்பிட்டாள். வீரம்மாவை அதற்கு முன்பே உள்ளே அழைத்துப் பேசி அனுப்பியிருந்தார்கள்.

"எனக்கு எடமில்லயாம்டி. நீ போ," என்று பெஞ்சில் உட்கார்ந்தபடியே சிரித்தாள் வீரம்மா.

இருவரும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள். தேயிலை மலையில் கொழுந்து பறிப்பதும் பக்கத்துப் பக்கத்து நிரையில். நோயும் ஒன்றுதான். நெஞ்சு ஒரு நேரம் ஏற்றத்தில் பழைய பஸ்ஸைப் போலத் திணறும். இன்னொரு நேரம் பிரேக் விட்டுப்போனதுபோல ஓடும். போன மாதம் மலையில் பெற்றீசியா மயங்கி விழுந்தபோது, தன் நெஞ்சும் படபடப்பதைப் பார்க்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறியவள் வீரம்மா. புது மருந்தொன்றைச் சோதிக்க ஆள் சேர்க்கிறார்கள் என்றதும், கொட்டகலையில் இருவரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறினார்கள்.

டாக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, தாதி தமிழில் சொன்னாள். "பாதிப் பேருக்குப் புது மருந்து. மத்தவங்களுக்கு மருந்தில்லாத மாத்திர. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது. இப்ப குடிக்கிற மருந்த நிப்பாட்ட வேணாம். விருப்பமில்லேன்னா எப்பவும் வெலகிக்கலாம். ஆனா ஒங்க மாத்திரய வேற யாருக்கும் குடுக்கக் கூடாது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பெற்றீசியா, கடைசிப் பேச்சுக்கு மட்டும் ஜன்னலைப் பார்த்தாள்.

மறுநாள் மலையில் தேத்தண்ணி நேரத்தில், பெற்றீசியா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கத்தியால் வெட்டிய மாத்திரை, இரண்டு துண்டாக.

"அக்கா, இந்தாங்க. ஆளுக்குப் பாதி."

வீரம்மா வாங்கவில்லை.

"எடமில்லேன்னு சொன்னது பொய்டி. எனக்குக் கிட்னி கெட்டுப்போச்சாம். இந்த மருந்து என் ஒடம்பு தாங்காதுன்னுதான் வேணாம்னுட்டாங்க. வீட்டுல இன்னும் சொல்லல."

பெற்றீசியா பக்கத்திலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தாள். சொல்லாமல் தேத்தண்ணியில் கலந்து கொடுத்துவிடலாமா என்றுகூடக் காலையில் நினைத்திருந்தாள்.

"ரெண்டயும் நீயே முழுங்கு. என் கண்ணு முன்னால."

"இது வெறும் மாவா இருந்தா?"

"இருந்துட்டுப் போவுது. முழுங்கு."

ஆறிப்போன தேத்தண்ணியோடு விழுங்கினாள். ஒரு துண்டு தொண்டையில் கொஞ்சம் நின்று இறங்கியது.

"கிட்னிக்கு எப்ப வரச் சொன்னாங்க?"

"வார திங்கக்கெழம."

"நானும் வர்றேன்."

வீரம்மா எழுந்து கூடையை மாட்டிக்கொண்டாள். மேலே கங்காணி சத்தம் போட்டார். இருவரும் நிரைக்குள் இறங்கினார்கள். வீரம்மாவின் விரல்கள் முன்போல ஓடவில்லை. கொஞ்ச தூரத்திலேயே பின்தங்கினாள். அவள் பக்கத்தில் வந்துசேரும்வரை பெற்றீசியா நின்றாள். கைநிறையப் பறித்த கொழுந்தைத் தன் தோளுக்குப் பின்னால் போடாமல், பக்கத்து நிரையில் வீரம்மாவின் முதுகுக் கூடைக்குக் கையை நீட்டினாள். வீரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கூடைக்குள் கொழுந்து விழும்வரை, முதுகை லேசாகச் சாய்த்து, அசையாமல் நின்றாள்.