லாரிப் பட்டறையில் அரசர் ஆட்டம்

மைதிலி ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதல் குளிர்காலத்தின் தனிமை தாங்காமல் அந்த ஊர் நடனச் சங்கத்தில் சேர்ந்தாள். நான்கு ஜோடிகள் எதிரெதிரே நின்று, கைகோத்துச் சுற்றி, இடம் மாறி ஆடுகிற நாட்டுப்புற ஆட்டம் அது. இந்த வருஷம் அந்தச் சங்கத்துக்குப் புரவலராக இருக்க பிரிட்டன் அரசரே சம்மதித்துவிட்டார். அதைக் கொண்டாடப் புதிதாக ஓர் ஆட்டம் அமைத்தார்கள். உறுப்பினர்கள் எங்கே இருந்தாலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே நேரத்தில் அதை ஆட வேண்டும் என்று முடிவானது. அன்றைக்கு மைதிலி லீவில் நாமக்கல்லில் இருந்தாள்.

"எட்டுப் பேரு வேணும்மா" என்றாள்.

அம்மா ஆத்தாயி, முருகன்-வள்ளி கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மிக் குழுவில் இருக்கிறவள். "இதென்ன பெரிய காரியம்? எங்க செட்டையே கூட்டிட்டு வாரேன்" என்றாள்.

அப்பா மருதாசலத்துக்கு லாரி பாடி கட்டும் பட்டறை இருந்தது. இடம் கேட்டதும் சாவியை எடுத்துக் கொடுத்தார். காரணத்தைக் கேட்டதும்தான் முகம் மாறியது.

"அந்த ராசாவுக்கு நம்மூட்டுப் பொம்பளைக எதுக்கு ஆடோணும்? அவுங்க ஆண்டது பத்தாதா?"

மைதிலிக்குச் சுருக்கென்றது. அந்த எண்ணம் அவளுக்கும் வராமல் இல்லை. "ராசாவுக்குன்னு பேருதாம்ப்பா. நான் காய்ச்சல்ல கெடந்தப்ப, ரசம்னு நெனச்சு என்னத்தையோ காய்ச்சி எடுத்துட்டு வந்தவங்க இந்தச் சங்கத்துக்காரங்க. நான் அவங்களுக்காகத்தான் ஆடறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மருதாசலமும் பட்டறைக்கு வந்தார். ஆனால் ஓரத்தில் ஒரு டயர் மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

கும்மிக்காரப் பெண்கள் ஆட்டத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். ஜோடி கையைப் பிடித்துச் சுற்றும்போது மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மைதிலியோடு சேர்த்து ஏழு பேர்தான் தேறினார்கள்; எட்டாவது ஆள் அவள் அண்ணன் சந்தோஷ்குமார். நேரம் நெருங்கும்போது அவனிடமிருந்து போன் வந்தது. ராசிபுரம் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டதாம், இப்போதைக்கு வர முடியாதாம்.

அதற்குள் ஸ்காட்லாந்தில் சங்கத்தார் கூடியிருந்த கூடத்தோடு போனில் வீடியோ இணைந்துவிட்டது. கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஆண்கள் திரையில் கையசைத்தார்கள். ஆத்தாயி திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, எனக்கு ஜோடி இல்லீங்க. வாரீங்களா?"

"எனக்கென்ன தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்தப்ப எல்லாந் தெரிஞ்சுக்கிட்டா வந்தீங்க?"

பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். மருதாசலம் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ஸ்பீக்கரில் அக்கார்டியன் தொடங்கியது. தகரக் கூரை அதிர்ந்தது. வலப்பக்கம் போக வேண்டியவர் இடப்பக்கம் போய்ப் பக்கத்து வீட்டுப் பொன்னாயி மேல் மோதினார். ஆத்தாயி கையைப் பிடித்து இழுத்துத் திருப்பினாள். நாலு பேர் பார்க்க அவர் அவள் கையைப் பிடித்தது முகூர்த்தத்தன்று மட்டும்தான். முதலில் கூசினார். அப்புறம் துள்ள ஆரம்பித்துவிட்டார். முடிவில் எல்லோரும் குனிந்து வணங்க, அவர் மட்டும் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

திரையில் ஒரே கைதட்டல். மூச்சு வாங்கிக்கொண்டே மருதாசலம் போன் முன்னால் வந்து நின்று மகளைப் பார்த்தார்.

"நாஞ் சொல்றத அப்படியே சொல்லு சாமி. உங்க ராசாவுக்கு நாங்க ஆடிட்டோமுங்க. இப்ப நீங்க எங்க முருகனுக்கு ஆடோணும்."

மைதிலி தயங்கித் தயங்கி அதை ஆங்கிலத்தில் சொன்னாள். சங்கத் தலைவி ஃபியோனா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "காட்டுங்கள், ஆடுகிறோம்!" என்றாள்.

ஆத்தாயி பாட்டெடுத்தாள். பெண்கள் வட்டமாகச் சுற்றிக் கும்மி தட்டினார்கள். அங்கே, கடல் தாண்டிய அந்தக் கூடத்தில், பாவாடைக்காரர்களும் வட்டம் போட்டுத் தாளம் தப்பித் தப்பித் தட்டத் தொடங்கினார்கள்.

"குனிஞ்சு அடிங்க! நல்லாக் குனிஞ்சு!" மருதாசலம் திரையைப் பார்த்துக் கத்தினார்.

மைதிலிக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது, அப்பா சொன்னதை மொழிபெயர்க்க வாய் வரவில்லை. அவர் குனிந்து காட்டிய விதத்தைப் பார்த்தே அந்தக் கூடம் முழுவதும் குனிந்தது.