ரிப்போர்ட் வரட்டும்

1

இந்தக் கதையை அக்காவிடமிருந்து பிடுங்கினேன். அவள் நோய்க்குறியியல் மருத்துவர். மைக்ராஸ்கோப்பில் ரத்தத்தைப் பார்த்து, புற்றுநோயா, எந்த வகை, எந்த மருந்து கேட்கும் என்று சொல்பவள். நோயாளியின் முகத்தையே பார்க்காத டாக்டர். எனக்கு நாக்கு ஊறியது.

முதல் வரி: "ஸ்லைடில் ஊதா நிறத்தில் ஒரு பிரபஞ்சம்..." (சகிக்கவில்லை. அடித்துவிட்டேன்.)

மறுபடி: "அன்று மழை பெய்..." (மழையே பெய்யவில்லையாம்.)

படித்துக் காட்டியதும் அக்கா சீறினாள். "நீ முதல் வரி தேடிட்டே இரு. அங்க அந்தப் பொண்ணுக்கு ஈறுல ரத்தம் நிக்கவே இல்ல."

2

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரியில் படிக்கும் பெண். ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை இருக்கிறது. சந்தேகம் வந்தவுடனேயே மாத்திரையைத் தொடங்கினால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். தாமதித்தால் மூளையில் ரத்தம் கசிந்து ஆளைக் கொண்டுபோய்விடும். ஸ்லைடில் அந்தப் பெண்ணின் ரத்த செல்லுக்குள் கட்டுக் கட்டாக ஊசி மாதிரிக் கோடுகளைப் பார்த்ததுமே அந்த வகைதான் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. வார்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

"மாத்திரையை இப்பவே ஆரம்பிங்க."

"மரபணு ரிப்போர்ட் வரட்டும் மேடம். நாளைக்குப் பாத்துக்கலாம்."

"அது உறுதிப்படுத்தத்தாங்க. அதுக்காகக் காத்திருக்கக் கூடாது."

"பேஷன்ட்டப் பாக்கறது நாங்க மேடம்."

(இவனை வில்லனாக்கிப் பார்த்தேன். மசிய மாட்டேன் என்கிறான். கடைசிவரை மரியாதையாகவே பேசுகிறான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.)

3

அக்கா வார்டுக்கே ஏறிப்போனாள். கட்டிலருகே உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"நீங்க யாரும்மா?"

"ரத்தம் பாக்கற டாக்டர்."

"காலைலயே எடுத்துட்டாங்களே?" என்றவள், தூங்கும் மகளின் கையைத் தானே தூக்கி நீட்டினாள். "மெதுவாக் குத்துங்க. குத்துன இடமெல்லாம் கசியுது."

அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு...

(இங்கே ஒரு வசனம் வேண்டும். அக்கா சொல்ல மறுக்கிறாள். நான் இட்டுக்கட்டினால் பல்லை உடைப்பாளாம்.)

பிறகு டாக்டரிடம் போய்க் கெஞ்சினாள், கத்தினாள். "ரிப்போர்ட் வரட்டும் மேடம்."

4

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. அக்கா சொன்னதேதான். அதற்குள் கட்டில் காலியாகியிருந்தது. "அசத்திட்டீங்க மேடம், ஸ்லைடுலயே பிடிச்சிட்டீங்க" என்று துறையில் பாராட்டினார்களாம். தூ!

முடிவு அ: டாக்டர் மனம் மாறுகிறார். மாத்திரை வருகிறது. பெண் பிழைக்கிறாள். என் கதைதானே, யார் கேட்கப்போகிறார்கள்?

அக்காவிடம் சொன்னேன்.

"தாராளமா எழுதுடா. எழுதி, அந்த அம்மாகிட்ட கொண்டுபோய்ப் படிச்சுக் காட்டு."

முடிவு ஆ:

(எனக்கு ஓடவில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதுங்கள். அக்கா போட்ட நிபந்தனை உங்களுக்கும் உண்டு.)