புற்று இல்லை என்று சொன்ன நாள்

டிராக்டரிலிருந்து தவறி விழுந்த சூசைநாதனுக்கு விலா எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை. இடது சிறுநீரகத்தில் ஆரஞ்சுப் பழ அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. வில்லியனூர் பக்கம் கரும்பு போடும் அவர் அதுவரை காய்ச்சல் என்றுகூடப் படுத்ததில்லை.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். கட்டியைப் பரிசோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது. சின்ன சந்தேகம் இருக்கிறது, சென்னைக்கும் அனுப்பிப் பார்க்கிறோம் என்று டாக்டர் சொன்னார். அது சூசைநாதன் காதில் ஏறவில்லை. அவர் மனைவி ஜெயசீலிக்கும் ஏறவில்லை. புற்று என்ற சொல்லோடு இருவருக்கும் காது அடைத்துப்போனது.

வீட்டுக்கு வந்ததும் சூசைநாதன், "பொண்ண ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துட்டுப் போயிடறேன்" என்றார்.

மகள் ஜெனிபருக்குச் சென்னையில் எம்.எஸ்சி. சேர இடம் கிடைத்திருந்தது. "படிச்சி முடிச்சிடறேம்பா" என்று ஒரு தடவை கேட்டாள். தையலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் புரண்ட அப்பாவைப் பார்த்தபின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மாதா கோயில் பூசையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தார்கள். பாகூரில் வேலை பார்க்கும் அருண் சேவியருக்கு அவளைக் கட்டிவைத்தார்கள்.

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். சூசைநாதனும் ஜெயசீலியும் போனார்கள். திசுக்களைப் பரிசோதிக்கும் டாக்டர் மஞ்சுளா அவர்களை உட்காரவைத்தார்.

"ஐயா, உங்களுக்கு வந்தது புற்றுநோய் இல்ல. சாதாரணக் கட்டி."

ஜெயசீலி சிலுவை போட்டுக்கொண்டாள். சூசைநாதன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அப்போ மொதல்ல சொன்னது இன்னா?"

"இந்தக் கட்டியும் ஒரு வகைப் புற்றும் மைக்ரோஸ்கோப்புல அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். செல்லு ரெண்டுலயும் சிவப்பா, பெருசாத் தெரியும். வேற வேற சாயம் ஏத்திப் பாத்தப்புறம்தான் சென்னையில முடிவு பண்ணாங்க."

"என் கிட்னி?"

"உள்ள இருக்கும்போது ஸ்கேன்ல ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், ஐயா. ஊசியால கொஞ்சம் எடுத்துப் பாத்தாலும் பல சமயம் உறுதியாச் சொல்ல முடியாது. அதான் எடுத்துட்டாங்க. இன்னொரு கிட்னி நல்லா வேல செய்யுது. பயப்படாதீங்க."

சாவுக்குத் தயாராகியிருந்த மனிதர் ஜெயசீலியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினார். வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பாகூர் பஸ் ஏறினார்கள்.

ஜெனிபர் அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஈரக் கையோடு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை நின்ற பிறகும் கையை விடவில்லை.

"சென்னை சீட்டு போயிடுச்சேப்பா" என்றாள்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அருண் உள்ளே வந்தான். "அடுத்த வருஷம் பாண்டிச்சேரியிலேயே என்ட்ரன்ஸ் எழுதட்டும், மாமா. நான் கொண்டுபோய் விடறேன்" என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

மறு வருஷம் அவளுக்கு இடம் கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். சூசைநாதன் பழையபடி கரும்பு வெட்டப் போகிறார். மாதா உன்னைக் காப்பாத்திட்டா என்று ஊரில் யாராவது சொன்னால் தலையாட்டுவார். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வாரம் பொறுத்திருக்கலாம் என்று ஜெயசீலியிடம் மட்டும் சொல்வார்.