தாய்வீடு வந்த மிளகுக் கொடிகள்

மஞ்சக்குட்டையில் குப்பாயி வீட்டு மிளகுக் கொடி மரத்தை விட்டு இறங்கி, கொட்டச்சேட்டில் இருக்கும் அவள் தம்பி தனபால் வீட்டுக்கு நடந்து வந்த வருஷம் மிளகுக்கு நல்ல விலை. பின்னாலேயே மற்ற ஊர்க் கொடிகளும் வந்தன. இலையெல்லாம் மஞ்சள் பாய்ந்து, சோர்ந்துபோய் வாசலில் படுத்துக்கொண்டன. ஜீப்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டார்கள்.

தனபாலுக்கு அதைவிடப் பெரிய கவலை மகள் மலர். பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்காக வீட்டில் உட்கார்ந்தபடியே செடிகளின், வைரஸ்களின் மரபணு எழுத்துகளைக் கணினியில் கோத்துக்கொண்டிருந்தாள். சம்பளம் வரத்தான் செய்தது. ஆனால் செருப்புத் தேயாமல் செய்வதை வேலை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர் எடம் காலியா இருக்குது. தை பொறந்தா சேர்ந்துரு கண்ணு. இந்தப் பொட்டிய மூடி வெச்சுரு," என்றார். மூடினால் படித்த படிப்பும் அதோடு மூடிக்கொள்ளும் என்று மலருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வாசலில் கிடந்த கொடிகளிலும் பலா மரத்தில் ஏறியிருந்த சொந்தக் கொடியிலும் ஆளுக்கொரு இலை கிள்ளிப் பெங்களூருக்கு அனுப்பினாள்.

எல்லாவற்றிலும் ஒரே வைரஸ். செடிக்குச் செடி தாவுகையில் அதன் எழுத்துகள் கொஞ்சம் மாறும். மாறியதைப் பின்தொடர்ந்தால் எது எதற்குத் தாய் என்று சொல்லிவிடலாம். மலர் வரைந்து முடித்த வைரஸ் வம்சம் அச்சு அசலாகத் தனபாலின் சம்பந்தி வகையறாவாக இருந்தது. தனபால் வீட்டுப் பெண் எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டாலும் வாசல் கொடியில் ஒரு துண்டு வெட்டிச் சீரோடு அனுப்புவது வழக்கம். பித்தளை அண்டாவோடு வைரஸும் குடித்தனம் போயிருக்கிறது.

"நோவு நம்மூட்டுக் கொடியிலிருந்துதானுங்கப்பா போயிருக்குது. மருந்து கெடையாது. புடுங்கோணும்," என்றாள் மலர்.

"நம்மூட்டுக் கொடி மேலயே பழி போடறயா?" என்று தனபால் குதித்தார்.

கொடியைத் தேடி வந்து தங்கிவிட்ட குப்பாயி விடவில்லை. "ஏன்டா தனபாலு, ஒடம்புக்கு முடியாத புள்ளைங்க தாயூட்டுக்கு வராம வேற எங்கடா போகும்?"

அதைக் கேட்டதும் வாசல் கொடி தானே பலா மரத்திலிருந்து இறங்கி, தனபாலின் காலடியில் சுருண்டது. மனுஷன் வாய்விட்டு அழுதார். எல்லாக் கொடிகளையும் அவரே கொளுத்தினார். மலர் இலை பார்த்து நோயில்லை என்று சொன்ன புதுக் கொடியைப் பலா மரத்தில் ஏற்றினார். அது வளர்ந்ததும் துண்டு வெட்டி, சம்பந்தி வீடுகளுக்கெல்லாம் மறுசீர் கொண்டுபோனார். ரைட்டர் இடத்துக்கு வேறு யாரோ போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது அந்தக் குடும்பத்தில் கல்யாணம் என்றால் ஜாதகத்துக்கு முன்னால் கொடியின் இலை பெங்களூர் போகிறது. ஆடி பிறந்தால் புதுக் கொடிகளும் தாய்வீடு வருகின்றன. நோவு ஒன்றும் இல்லை, சும்மா நாலு நாள் இருந்துவிட்டுப் போகத்தான். மலரின் ஜன்னலில் ஏறிச் சலசலப்பவற்றைத் தனபால் அதட்டுகிறார்: "சத்தம் போடாதீங்க சாமி, அக்கா வேலைல இருக்கறா."